‘பேர்சனல்’ என்றொரு ஃபோல்டர்

கிருசிகாவின் அப்பாவுக்கு,

பிள்ளையோடு களுதாவளைப் பிள்ளையாருக்குப் போகிறேன். கோயில் நாள் என்பதால் மீன் சமைக்கவில்லை. சோறும் கத்தரிக்காய்க் கறியும் மூடியிருக்கின்றன. வெளியே போனால் கதவைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

மூன்று நாளாக ஏன் பேசவில்லை என்று கேட்டீர்கள். வீட்டுத்திட்டப் படிவத்தைப் பிரிண்ட் எடுக்க, கொமினிகேசன் கடைக் கம்ப்யூட்டரில் நீங்கள் தந்த பாஸ்வேர்டைப் போட்டு உங்கள் ஈமெயிலைத் திறந்தேன். ‘பேர்சனல்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பனிச்சங்கேணியில் சுனாமி வீடுகளை அளக்க உங்களோடு வாகனத்தில் வருகிறாளே மேனுகா, அவளுக்காகச் செய்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். கோபத்தில் அதைத் திறக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காலை கொமினிகேசன் கடைப் பிரஷாந்தி எனக்கும் ஒரு ஈமெயில் திறந்து தந்தாள். அதிலும் அதே ‘பேர்சனல்’!

“அக்கா, அத ஒருத்தரும் செய்யிறதில்ல. புதுசாத் திறந்தா எல்லாருக்கும் தானா வாறது” என்று சிரித்தாள்.

என் பிழைதான்.

சுபாங்கினி

பி.கு: பிறகு உங்களுடையதையும் திறந்து பார்த்தேன். அதற்குள் ஒன்றுமே இல்லை. மேனுகாவின் மெயில்கள் வெளியில், இன்பாக்ஸில்தான் கிடக்கின்றன, எல்லாம் சுவர் அளவும் சீமெந்துக் கதையும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே பதில் போட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சீட்டிலும் கீழே பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன்.