தோற்றவனை உட்கார வை

புரூக்ளின்,
பிப்ரவரி 18

அன்புள்ள ஜனெல்,

இங்கே நாங்கள் மூவரும் சுகம், உன் முழங்காலும் சுகமாயிருக்கிறது என்று நம்பித்தான் எழுதுகிறேன், அயோவா குளிரில் உறை போடாமல் ஓடாதே. போனில் "கெஸ்டர் டீம் ஜெயிச்சுட்டாங்களாமே" என்று கேட்டுவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாய், அது அரை நிமிடத்தில் சொல்லுகிற கதையில்லை. நம் ஊர்ப் பையன்களின் பாஸ்கெட்பால் ஏன் வருஷா வருஷம் இறங்குகிறது என்று வின்ஸ்டன் சலூனில் ஓயாமல் நடக்கிற வழக்கு உனக்குத் தெரியும். போன்தான் கெடுத்தது என்பான் ஒருவன், வாடகை ஏறி பாதிக் குடும்பம் ஜார்ஜியா போய்விட்டது என்பான் இன்னொருவன். நல்லா ஆடுறவன ஃப்ளோரிடா ஸ்கூல்காரன் பதினஞ்சு வயசுலயே தூக்கிட்டுப் போயிடுறான் என்று யாரோ சொன்னதும் வின்ஸ்டன் கத்தரியை என் பக்கம் நீட்டி, "புள்ளைய மொதல்ல தூக்கிக் குடுத்தவன் இதோ உக்காந்திருக்கான்" என்றான். பாதித் தலைதான் வெட்டியிருந்தது, எழுந்து போகவும் முடியவில்லை.

உன்னைக் கூட்டிப்போன அதே ஃப்ளோரிடா ஸ்கூல் ஆள் நவம்பரில் உன் தம்பி கெஸ்டருக்கும் சேர்க்கைத் தாளோடு வந்தார். உன் அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நம் பள்ளி பதினோரு வருஷமாக நாக்-அவுட் சுற்றுக்குள் நுழையவில்லை, இந்த வருஷமும் நுழையாவிட்டால் நீ போகலாம் என்று அவனிடம் சொன்னேன், சரி என்றான். ஊர்ப் பையன்கள் ஆடிப் பழக சனிக்கிழமை மதியம் பள்ளி ஜிம்மைத் திறந்து வைக்க அனுமதி வாங்கினேன். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, அட்டவணை போட்டேன், எட்டு அணி, அணிக்கு இருபது நிமிடம், யாருக்கும் ஒரு நிமிடம் கூடக் குறையாது. காகிதத்தில் ஒரு பிசகும் கிடையாது, நாலு வாரத்தில் ஒரு முன்னேற்றமும் கிடையாது. தோற்றவர்கள் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்கள், அடுத்த முறை எத்தனை மணிக்கு என்றுதான் சுவரில் எழுதியிருக்கிறதே. ஐந்தாவது வாரம் மகனைக் கூட்டிப்போக வந்த வின்ஸ்டனின் தங்கை பாலெட், பஸ் ஓட்டுகிறவள், அந்தக் காலத்தில் பூங்கா ஆட்டத்தில் எங்களையெல்லாம் ஓடவிட்டவள், பத்து நிமிடம் பார்த்துவிட்டு அட்டவணையைக் கிழித்தாள். "ஏன்டா ஆர்வில், இதென்ன பல் டாக்டர் அப்பாயின்ட்மென்டா? தோத்தவன உக்கார வைடா!" அவள் சொன்னது சரியாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம். பூங்காவில் ஜெயித்த அணி அப்படியே நிற்கும், தோற்றால் ஐந்து அணிக்குப் பின்னால் வேலியோரம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்துதான் நாங்கள் தடுக்கவும் பந்தைக் கொடுக்கவும் கற்றோம், நல்ல மனசால் இல்லை. உன்னை அந்த வேலியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றி ஓடவிடும் தனிப் பயிற்சியாளரிடம் விட்டவன் நான்தான், முப்பது புள்ளியில் தோற்றாலும் ஒரு மணி நேரத்தில் அடுத்த ஆட்டம் தருகிற போட்டிகளுக்கு ஊர் ஊராகக் கூட்டிப்போனவனும் நான்தான். வாடகையும் ஃப்ளோரிடாவும் ஆட்களைக் கொண்டுபோகின்றன, உண்மை. மிச்சமிருப்பவர்களை நாங்கள் கெடுத்தோம்.

பழைய சட்டம் திரும்பிய முதல் நாள் கெஸ்டர் ஏழு நிமிடம் ஆடினான், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தான். "புள்ளைய ஆட அனுப்புனேனா, செவுத்துக்கு முட்டுக் குடுக்க அனுப்புனேனா" என்று உன் அம்மா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். ஜனவரியில் அவன் அந்தப் பின்னால் துள்ளி வீசுகிற வித்தையை விட்டான், கூடைக்கடியில் எப்போதும் தனியாக நிற்கும் குண்டன் தெரோன் முதல்முறையாக அவன் கண்ணுக்குத் தெரிந்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி லீக் ஆட்டம், ஜெயித்தால் உள்ளே, தோற்றால் ஃப்ளோரிடா. அந்த ஆள் மூன்றாவது வரிசையில் தாளோடு தயாராக இருந்தார். பாதியில் ஒன்பது புள்ளி பின்னால், எட்டு வினாடி மிச்சமிருக்கும்போது ஒரே ஒரு புள்ளி பின்னால், பந்து நம் பையன் கையில். அரங்கமே போடுடா போடுடா என்று கத்துகிறது, இரண்டு பேர் அவன் மேல் பாய்கிறார்கள், அவன் போடவில்லை ஜனெல், தெரோனுக்குத் தட்டிவிட்டான், தெரோன் போட்டான்! கெஸ்டர் அதோடு நிற்காமல் திரும்பி ஓடி, பந்தோடு வந்தவனுக்கு முன்னால் மரம் மாதிரி நின்று நெஞ்சில் இடி வாங்கி விழுந்தான், நடுவர் விசில் ஊதி, இடித்தவன் மேல்தான் தப்பு என்று பந்தை நமக்கே கொடுத்தார், முடிந்தது. என் குரல் இன்னும் திரும்பவில்லை. வின்ஸ்டன் சலூன் அங்கியோடு ஆடுகளத்துக்குள் ஓடினான், உன் அம்மா பாலெட்டைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஃப்ளோரிடா ஆள் வந்து, "தம்பி, இப்ப உன் மதிப்பு இன்னும் ஏறிடுச்சு" என்று பேனாவை நீட்டினார். நெஞ்சில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவன் பேனாவைப் பார்க்கவே இல்லை. "இல்ல சார், செவ்வாக்கிழம எனக்கு மேட்ச் இருக்கு."

உன்னை அன்று ஃப்ளோரிடாவுக்கு அனுப்பியது தப்பு என்று சொல்ல வரவில்லை, நீ நன்றாகத்தான் ஆடுகிறாய். ஆனால் உன்னைக் கேட்காமல் அனுப்பினேன், அது தப்பு. அம்மாவும் நானும் உன்னை நினைக்காத நாளில்லை, கடவுள் உன் கூடவே இருக்கட்டும், கால் உறுதியாக இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் தம்பிக்குப் போன் செய், அறிவுரை ஒன்றும் சொல்லாதே, அக்கா பார்க்கிறேன் என்று மட்டும் சொல்.

உன் அப்பா,
ஆர்வில் பிரெஸ்காட்