அண்ணிக்காக அம்மா சொல்லும் பதில்கள்

நவ. 11, செவ்வாய்

மழை. குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. நாளை இயற்பியல் தேர்வு. அம்மா குறட்டை, எழுதலாம்.

ஆராய்ச்சி அக்கா மறுபடி வந்தார். பிள்ளை பெற்றவர்களின் மனநிலை பற்றிக் கேட்கிறார். கேள்வி அண்ணிக்கு, பதில் அம்மா.

"தூக்கம் வருதாங்க?"

"நல்லா தூங்குறா."

"அழுகை வருதா?"

"அழறதுக்கு இன்னா கொற அவளுக்கு? ஆம்பளப் புள்ள பெத்துகினு கீறா."

தனியாகப் பேசலாமா என்றார் அக்கா.

"பச்ச ஒடம்புக்காரிய தனியா வுடக்கூடாதும்மா. காத்து கருப்பு அண்டிடும்."

அதற்காகவே அண்ணியின் தலைமாட்டில் கத்தி வேறு. எடுத்துவிட்டுப் பூட்டு வைத்தேன். பூட்டும் இரும்புதானே? அம்மா திட்டிவிட்டுக் கத்தியையே வைத்தாள்.

நவ. 12, புதன்

தேர்வு நாசம்.

ஞாயிறன்று பால் கொடுத்தபடி அண்ணி கேட்டாள்: "ஏட்டி, நான் இல்லன்னா இவன நீ பாத்துக்கிடுவியா?" ஊருக்குப் போகிறாளோ என்று நினைத்தேன். ஊருக்கு இல்லை. "யாருட்டயும் சொல்லிராத."

இன்று அண்ணனிடம் சொன்னேன். ஷூ மாட்டிக்கொண்டே, "டயர்டா இருப்பா. எனக்குந்தான் டயர்டு, டெய்லி ஓடி" என்றான். கம்பெனி பஸ் ஹாரன். ஓடிவிட்டான்.

எல்லாருக்கும் டயர்டு. பயம் எனக்கு மட்டும்.

நவ. 14, வெள்ளி

இன்று வருவதாக அக்கா சொல்லியிருந்தார். பள்ளிக்கு மட்டம். வயிற்றுவலி என்று பொய். அக்கா வந்ததும், "துணைக்கு நான் உக்கார்றேன், நீ ரேஷனுக்குப் போம்மா" என்றேன். போனாள்!

அக்கா: "நீங்க சொல்றது வெளிய போகாது. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வீட்ல சொல்லியாகணும்."

அண்ணி: "நல்லாத்தான் இருக்கேன். நல்லாத் தூங்குதேன்."

அம்மாவின் பதில், அப்படியே. இதற்கா இவ்வளவு பாடு? வாய் முந்திவிட்டது. "பொய்." எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"உன்ட்ட போய்ச் சொன்னேன் பாரு" என்றாள் அண்ணி. பிறகு அழுதாள், நிற்கவே இல்லை. அக்கா கேள்வி நோட்டை மூடிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா வந்ததும் அக்காவே விவரம் சொன்னார். முதல் வசவு எனக்கு: "வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியா நீ?" பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

நவ. 15, சனி

நேற்று மாலையே ஆஸ்பத்திரி. அக்காவும் கூட. அண்ணன் ஷிப்டிலிருந்து யூனிபார்மோடு. டாக்டர் அண்ணியிடம் வெகுநேரம் தனியாகப் பேசினார். இது ஒரு நோய், குணமாகும் என்றார். மாத்திரை எழுதினார்; சாப்பிட்டாலும் பால் கொடுக்கலாம். வாரம் ஒரு முறை வர வேண்டும். இப்போதைக்குத் தனியாக விடக்கூடாது.

ஆட்டோவில் அம்மா: "பாத்தியாடி? நான் சொன்னததான் டாக்டரும் சொல்றாரு!"

ஐயோ.

அண்ணி என்னோடு பேசவே இல்லை. பேச வேண்டாம். பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். மூச்சு கேட்கிறது.