பாதியில் முள்ளைத் தூக்குகிறவன்

செல்வா,

அன்று காலை உன் அப்பா அந்த எல்.பி. இசைத்தட்டு முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் ஹார்பருக்கு வேலைக்குப் போனார். வீட்டுக்கு வந்தது உடல்தான்.

அப்பாவின் வருஷப் பூசை முடியும்வரை வீட்டில் பாட்டு கூடாதென்று என்னை அடக்கினாய். அதே தட்டைக் கல்யாண வீட்டில் அலறவிட மைக்செட் அம்புரோசுக்குத் தருவதாகச் சொன்னாயாம். நல்ல துக்கம்!

அவன் ஒரு பாட்டைப் போட்டதும் முள்ளைத் தூக்குகிறவன். "சர்ச்சுல பூசைக்கு லேட்டா வந்து, நன்மை அப்பம் வாங்கினு ஓடறவன்டா நீ" என்று அப்பா அவனை முகத்துக்கு நேரே சொல்வார். இன்று வந்தால், அம்மா தரமாட்டாள் என்று சொல். தட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். சாவியோடு மணலிக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன்.

நெத்திலிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு.

அம்மா

பி.கு.: முதல் பாட்டிலிருந்து கடைசி வரை எல்லாம் தங்கம் என்பார் அப்பா. நேற்று நீ இல்லாதபோது முழுவதும் கேட்டேன். மூன்றாவது பாட்டு இன்னும் அறுவைதான்.