கடைசிக் குடம்

நெடுந்தீவு
12.08.1992

அன்புள்ள அக்காவுக்கு,

அடுத்த வளவிலை இருந்துகொண்டு கடிதம் எழுதிறனெண்டு சிரிக்காதேங்கோ. நேரிலை சொல்ல வாய் வருகுதில்லை.

இந்த வறட்சியிலை ஊரே உங்கடை கிணத்திலைதான் அள்ளுது. பத்துக் குடத்துக்குப் பிறகு உப்புச் சவர்த் தண்ணிதான் ஊறும். நீங்கள் விடிய முதலே நல்ல தண்ணியை அள்ளி ஒளிச்சுப்போட்டு, ஊருக்குக் காட்டத்தான் உங்கடை குடத்தைக் கடைசியிலை வைக்கிறியள் எண்டு நாலு பேரிட்டைச் சொன்னனான்.

நேற்று நீங்கள் தந்த தேத்தண்ணி உப்புக் கரிச்சுது. என்ரை முகத்தைப் பாத்திட்டு, "உப்புக் கை பட்டிட்டுதாக்கும், குறை நினைக்காதையும்" எண்டியள்.

அந்த நாலு பேரிட்டையும் போய் உண்மையைச் சொல்லிப்போட்டன். இண்டைக்கு வரிசையிலை உங்கடை குடம்தான் முதல். கடைசியிலை நிக்கிறது என்ரை. தயவுசெய்து மாத்தி வைக்காதேங்கோ.

இப்படிக்கு,
உங்கடை தண்ணியிலை வளருற பிள்ளையளின்ரை தாய்