பிரிக்காத மெத்தைக்கு ஒரு பெட்ஷீட்

ஆனி 2, திங்கள்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம். போய்ப் பார்க்கவில்லை. நாற்று விட ஆள் கூப்பிட்டார்கள். அதற்கும் போகவில்லை. இடுப்பு.

சம்பந்தியம்மா வந்துவிட்டுப் போனாள். (இனி ச.அ. என்று எழுதுகிறேன். முழுதாக எழுதக் கை கூசுகிறது.) கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். என் மூத்தவள் மஞ்சு செத்து நாலு மாதம். பதினாறாம் நாளுக்குப் பிறகு இந்த வாசலை மிதிக்காதவள். பேத்தி பாப்பாவைக் கூட்டி வரவில்லை. "பஸ்ஸுல வாந்தி எடுக்குது" என்றாள்.

காபி குடித்தாள். சர்க்கரை பத்தவில்லை என்றாள். பிறகு விஷயம். தேவியை மாப்பிள்ளைக்குக் கேட்கிறாள். அக்கா இடத்தில் தங்கச்சி, பாப்பாவுக்கும் சித்தி வேற்று ஆள் இல்லை, வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் அவளே பேசினாள்.

சீர் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். அது ஒன்றுதான் என் வாயில் வந்தது.

"சீரெல்லாம் எதுக்குங்க சம்பந்தி? கட்டிலு, பீரோ, மெத்தை எல்லாம் மஞ்சுவுது அப்படியே இருக்கு. புதுசு கணக்கா இருக்கு. பெட்ஷீட்டு மட்டும் நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்க, போதும். போன தடவை மாதிரி சாயம் போறது வேணாம்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது: "பொண்ணைக் குடுத்தீங்கன்னா பேத்தி உங்க மடியிலதான். இல்லன்னா புள்ளைய எதுக்குங்க அங்கயும் இங்கயும் அலைய விடணும்?"

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, துணி சோப்பு, ஓமம்.

ஆனி 3, செவ்வாய்

தேவியிடம் சொன்னேன். வேலை முடிந்து வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தாள். தஞ்சாவூரில் பெரிய ஜவுளிக்கடை, மூன்றாவது மாடி, பெட்ஷீட் பிரிவு. நாள் முழுக்க நிற்க வேண்டும். கணுக்கால் தெரியாத அளவுக்கு வீங்கித்தான் வருவாள்.

"அக்காவ பிளாஸ்டிக்ல படுக்க வச்சாங்க. என்னை பெட்ஷீட்ல படுக்க வைக்கப் போறாங்க. முன்னேற்றம்தாம்மா."

துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மஞ்சு கல்யாணத்துக்கு நான் வாங்கிய பெட்ஷீட். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏலம் போட்டு விற்றவனிடம் எடுத்தது. சிவப்பு ரோஜாப்பூ. தொட்டால் வழவழ. வழவழ என்றால் உசத்தி என்று நினைத்தேன். அவர் இல்லாமல் தனியாக நின்று செய்த கல்யாணம், எனக்கு யார் சொல்வார்கள்.

முதல் துவைப்பிலேயே மாப்பிள்ளையின் வேட்டி, பனியன் எல்லாம் ரோஸ். ச.அ. அந்தப் பெட்ஷீட்டை வாசல் கொடியில் நாலு நாள் போட்டு வைத்தாள். காய்வதற்கு இல்லை. தெரு பார்ப்பதற்கு. "சம்பந்தி வீட்டுச் சீரு" என்று போகிறவர்கள் வருகிறவர்களிடம் சொன்னாளாம். பிறகு பெட்ஷீட்டே கிடையாது. மெத்தை அழுக்காகிவிடும் என்று கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கைப் பிரிக்க விடவில்லை. மஞ்சு அதன் மேலேயே படுத்தாள். ஆறு வருஷம். போனில் பேசும்போது அவள் புரண்டால் இங்கே எனக்குச் சரசரவென்று கேட்கும்.

பிரிச்சுப் போடுடி என்று ஒரு தரம் சொன்னேன். "நீ ஒரு நல்ல பெட்ஷீட்டு வாங்கிக் குடும்மா, பிரிக்கிறேன்" என்றாள். தீபாவளிக்குப் பார்க்கலாம் என்றேன்.

எத்தனை தீபாவளி.

ஆனி 5, வியாழன்

வெயில். இரண்டு கோழி காணவில்லை. பக்கத்து வீட்டு நாய்தான்.

தூங்கவில்லை. எழுதிவிட்டால் போகும் என்று எழுதுகிறேன்.

மாசி முதல் வாரம். அங்கே அறுவடை. மஞ்சுவுக்குக் காய்ச்சல் என்று மூன்றாம் நாள்தான் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்றேன். மாப்பிள்ளை: "மெஷின் வந்திருக்குங்க அத்தை. இன்னிக்கு விட்டா நம்ம வயலுக்கு எப்ப வருவான்னு தெரியாது. நாளைக்குப் போறோம்." மறுநாளும் நாளைக்கு. நான் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள். எனக்கும் நாலாம் நாள் களத்தில் வேலை இருந்தது. ஒரு நாள் கழித்துப் போனேன். அதையும் எழுதுகிறேன்.

அந்த மெத்தையில் கிடந்தாள். பிளாஸ்டிக் மேல் வேர்வை தேங்கி நின்றது. தூக்கினேன், முதுகு ஒட்டிக்கொண்டு வந்தது, அந்தச் சத்தம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள்தான். இத்தனை நாள் என்ன பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று டாக்டரம்மா என்னைத்தான் திட்டினாள்.

மாப்பிள்ளை அழுதார். நன்றாகவே அழுதார். அழுது முடித்துவிட்டு மெஷின்காரனுக்கு போன் போட்டார்.

ஆனி 8, ஞாயிறு

ச.அ. தேவியின் கடைக்கு வந்தாள், நானும் போனேன். "பொண்ணப் பாத்த மாதிரியும் இருக்கும், பெட்ஷீட்டு எடுத்த மாதிரியும் இருக்கும்" என்று போனில் சொல்லியிருந்தாள். தேவியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் லீவு போட்டுவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தேவி யூனிபார்ம் சேலையில். பின்னால் சூப்பர்வைசர். எங்களைப் பார்த்ததும் முகம் மாறவே இல்லை.

"வாங்க மேடம். டபுள் காட்டா, சிங்கிளா?"

என்னையும் மேடம் என்றாள்.

ச.அ. நேராகப் போய் வழவழப்பானதைத் தொட்டாள். "இது நல்லாருக்கே."

"பாலியஸ்டர் மேடம். வேர்வைய இழுக்காது. காய்ச்சல்ல படுத்தா முதுகோட ஒட்டிக்கும்."

கையை எடுத்துவிட்டாள். அடுத்து மொடமொடப்பாக ஒன்று.

"கஞ்சி மேடம். ஒரு தண்ணி காட்டுனா தொங்கிடும்."

பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டியது, ஆயிரம் கவுண்ட் என்று எழுதியது. அதுதானே உசத்தி என்றாள் ச.அ.

"கவுண்ட்டுங்குறது நூல் கணக்கு மேடம். ஒரு நூல நாலு நூலுன்னு எண்ணிப் போட்டுருவாங்க. முன்னூறு கவுண்ட்டே தாராளம். அதுக்கு மேல குடுக்குறது பெட்டிக்கு." சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப எதுதாம்மா நல்லது?"

ஒரு வெளிர்பச்சையை உதறி விரித்தாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினாள், இடைவெளி இல்லாத நெசவு. கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேய்த்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. "சாயம் போகாது. கொடியில போட்டுத் தெருவுக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது. வீட்ல போயி ஒரு நூல உருவிக் கொளுத்திப் பாருங்க மேடம். உருண்டு மணி கட்டுனா பாலியஸ்டர். சாம்பலாப் போனா காட்டன்."

"வெலை கூடவுல்ல இருக்கு."

"கூடத்தான். விரிச்சுப் படுத்தா அந்த வெலைக்குத் தகும். பீரோவுல வச்சுப் பூட்டுறதுன்னா கம்மி வெலையே போதும் மேடம்."

"எத்தனை வருஷம் வரும்?"

"துணி பத்து வருஷம் வரும். படுக்குற ஆளுக்கு நாங்க கேரண்டி குடுக்குறதில்ல."

எல்லாம் சிரித்த முகமாக. ச.அ. என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா சம்பந்தி வாய? மூத்தவளுக்கு இந்த வாய் கெடையாது."

"அதான் மேடம், அவ இல்ல" என்றாள் தேவி.

ச.அ. படியிறங்கிப் போய்விட்டாள். கீழே போய்ப் பிடித்தேன். "இனிமே பாப்பாவப் பாக்கணும்னு அந்தப் பக்கம் வந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாள்.

மறுபடி மேலே போனேன். பச்சை விரித்தபடியே கிடந்தது. நான் வாங்கினேன். பில் போட்டது தேவிதான். "நன்றி மேடம்" என்றாள்.

ஆனி 9, திங்கள்

தேவியை அடித்தேன். கன்னத்தில். சோற்றுக் கையால். அவளும் தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை, மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தாள்.

"உனக்குப் பேத்தி வேணும். அதுக்கு நான் விலை. அப்படித்தானே?"

"ஆமாடி" என்றேன். வாய் தவறி இல்லை. அப்படியேதான் நினைத்தேன். மஞ்சுவின் கண் அப்படியே பாப்பாவுக்கு. தேவிக்கு என் கண்.

பச்சைப் பெட்ஷீட்டில் ஒரு நூல் உருவிக் கொளுத்தினேன். சாம்பல்தான். விரலில் தேய்த்ததும் காணோம்.

ஆனி 14, சனி

மேகமூட்டம். மழை இல்லை. ஐந்து நாளாகத் தேவியோடு பேச்சு இல்லை. சோறு வைக்கிறேன், சாப்பிடுகிறாள்.

நடவுக்குப் போனேன். பக்கத்து வரிசைக்காரி: "என்ன அக்கா, மூத்த மாப்பிள்ளைக்கே ரெண்டாவதையும் தள்ளி விடப் போறீங்களாமே?" குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினேன்.

மதியம் ச.அ. போன். குரலில் தேன். பேராவூரணியில் பெண் பார்த்துவிட்டார்களாம். ஒரே பெண், தென்னந்தோப்பு இருக்கிறது. எல்லாம் பேசியாச்சு. "பொண்ணோட அம்மா உங்ககிட்டயும் ஒரு வார்த்தை விசாரிக்கணுமாம். மொதப் பொண்டாட்டியோட அம்மா ஆச்சே. பாத்துப் பேசுங்க சம்பந்தி. நீங்க நல்லபடியாப் பேசுனா மாசம் ஒரு வாரம் பாப்பா உங்க வீட்லதான். செவ்வாக்கிழமையே கொண்டாந்து விடச் சொல்றேன்."

தேவியிடம் சொன்னேன். ஐந்து நாளில் முதல் பேச்சு. "நீ தப்பிச்ச."

"அப்ப மாட்டுறது யாரு?" என்றாள்.

ஆனி 17, செவ்வாய்

பாப்பா வந்தாள். மாப்பிள்ளை பைக்கில் கொண்டுவந்து விட்டார், உள்ளே வரவில்லை. முடிவெட்டி மீசை ஒதுக்கியிருக்கிறார். தெம்பாக இருக்கிறார்.

பாப்பா இளைத்திருக்கிறாள். தலையில் பேன். வேப்பெண்ணெய் வைத்தேன். இட்லி மூன்று. என்னை மறக்கவில்லை, வந்ததும் "அம்மாச்சி" என்றாள்.

மத்தியானம் பச்சைப் பெட்ஷீட்டை மடித்துத் தரையில் போட்டுப் படுக்க வைத்தேன். இந்தப் பக்கம் புரண்டாள். அந்தப் பக்கம் புரண்டாள். எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாச்சி, இது ஏன் சத்தம் போட மாட்டேங்குது?"

நாலு வயசு. அவளும் அதன் மேலேதான் படுத்து வளர்ந்திருக்கிறாள். இது நல்ல துணி கண்ணு, சத்தம் போடாது என்றேன். கன்னத்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். விலை தகும். ஆறு வருஷத்துக்கு முன்பே தகும்.

நாளைக்கு: பால் அரை லிட்டர் கூட. பேன் சீப்பு.

ஆனி 19, வியாழன்

நல்ல மழை பத்து மணிவாக்கில். தேவிக்கு வார லீவு. பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பேராவூரணி அம்மா.

மெல்லிய குரல். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். அக்கா என்று கூப்பிட்டாள்.

"கேக்கவே சங்கடமா இருக்குக்கா. பெத்த வயிறு, உங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியும். ஒத்தப் பொண்ணு எனக்கு. அதான். பையன் எப்படிக்கா? அந்த வீடு எப்படி?"

தேவி சீப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பாப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல மாதிரி. என் பொண்ணுக்குத்தான் குடுத்து வைக்கல" என்றேன்.

அவள் அழுதாள். எனக்காக அழுதாள். நான் அழவில்லை.

"உங்க வாயால கேட்டதுக்கப்புறம் மனசு நிம்மதியா இருக்குக்கா. சீரு கூட ஒண்ணும் வேணாம்னுட்டாங்க, கட்டிலு மெத்தையெல்லாம் இருக்காம். பெட்ஷீட்டு மட்டும் நல்லதாக் கேட்டாங்க. எந்த மாதிரி வாங்கட்டும்? வெலை கூடப் போட்டு எடுக்கலாமா?"

"எடுங்க. காட்டனா எடுங்க. ஈரத்துணியால தேச்சுப் பாத்து எடுங்க. நாலு பக்கமும் எலாஸ்டிக் வச்சதுன்னா நல்லது. சும்மா விரிப்பு வழுக்கிக்கிட்டு வந்துரும். மெத்தை மேல பிளாஸ்டிக் இருக்கும்."

"பிளாஸ்டிக்கா? இன்னுமா பிரிக்கல? எதுக்குக்கா?"

தேவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"மெத்தை புதுசாவே இருக்கணும்ல" என்றேன்.

பாப்பா ஞாயிறு வரைக்கும் இருப்பாள்.