கியர்பாக்ஸுக்கு நீ இட்ட நாமம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கீழே இறங்கிப் போய், காருக்கு அடியில் விரித்திருந்த அட்டையை இழுத்துப் பார்த்தேன். பல்கூடத் துலக்கவில்லை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்து விரித்த பெரிய அட்டை அது. நேற்று மாலை வண்டியை நிறுத்தியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு சொட்டு இல்லை. விரலால் தடவினேன், முகர்ந்தும் பார்த்தேன். வெறும் அட்டை வாசனை.

பழைய அட்டை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. கெட்டுப்போன முட்டையும் கருகிய பூண்டும் கலந்தாற்போன்ற அந்தக் கியர் ஆயில் நாற்றம் அதிலிருந்து வந்தது. உடனே நீ வந்துவிட்டாய். ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் உன் புடவைத் தலைப்பில் அந்த எண்ணெய் பட்டபோது, தலைப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “இந்த நாத்தத்தோட ஆத்துக்குள்ள போனா, எங்க மாமியார் என்னை வாசல்லயே நிக்க வச்சு ஜலம் கொட்டுவா.”

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதத் தோன்றவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் வண்டியின் ஒழுகல் நின்றுவிட்டது. நிறுத்தியது நான். காரணம் யார் என்று கேட்டால் சிரிப்பாய்.

கொள்ளேகால் கல்லூரிக்கு நாம் இருவரும் தினமும் இங்கிருந்து போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பாதிப் பாதி போட்டு வாங்கிய வண்டி. அப்போதே அது பழசு. இரண்டு வாத்தியாரம்மாக்களுக்கு ஒரு கார் என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். முதல் ஆயுத பூஜைக்கு அக்ரஹாரத்தில் உங்கள் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவி நிறுத்தினோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். நீ பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்துகொண்டிருந்தாய்.

“அங்க என்ன பண்ற?” என்றேன்.

“எல்லாரும் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வச்சுட்டுப் போயிடறா. பாவம், உள்ள கிடந்து உழைக்கறவாளை யார் கவனிக்கறா?”

பேட்டரிக்குக் கீழே, கியர்பாக்ஸின் தலையில், காளான் குடை மாதிரி ஒரு சின்ன உலோகத் தொப்பி இருந்தது. திருமண்ணைக் குழைத்து அதன் மேல் அழகாக ஒரு நாமம் இட்டாய். நடுவில் சிவப்புக் கோடு. கீழே பாதம்.

“ஏண்டி, கியர்பாக்ஸ அய்யங்காரா ஆக்கிப்போட்ட. இனி அது வெங்காயம் பூண்டு தொடுமா?”

“தென்கலை, பாத்துக்கோ. எங்காத்து வண்டி வேற எப்படி இருக்கும்?”

“உங்காத்து வண்டியா? பாதி என்னுது.”

“அப்போ உன் பாதிக்கு விபூதி பூசிக்கோ. அது பின் சீட்டுல இருக்கு.”

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் பழைய நாமத்தின் மேலேயே புதியதை இட்டாய். அழித்துவிட்டு இடு என்றால், பெருமாளை யாராவது அழிப்பார்களா என்பாய். கடைசி வருஷம் உன்னால் நிற்க முடியவில்லை. வண்டியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டிக் கை நீட்டி இட்டாய். கை நடுங்கியதில் மண் கெட்டியாக விழுந்தது. துடைக்க வந்த என்னை விடவில்லை.

நீ போன கொஞ்ச நாளில் வண்டி ஒழுக ஆரம்பித்தது. சக்கரத்துக்குப் போகும் அச்சு கியர்பாக்ஸுக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. எண்ணெய் அந்த சீல் வழியாக வந்தது. “உன்ற சிநேகிதி போனதுலருந்து அதும் அழுவுது பாரு” என்று என் கணவர் கேலி செய்தார். முதலில் நானும் சிரித்தேன். அக்ரஹாரத்தில் நாம் வழக்கமாக விடும் மெக்கானிக் சிவண்ணா சீலை மாற்றினார். மறுபடி ஒழுகியது. மறுபடி மாற்றினார். அதற்குப் பிறகும் ஒழுகியபோது கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “முகீத்து மேடம். சீல்ல தப்பில்ல. கியர்பாக்ஸ் கதையே முடிஞ்சுது.”

அந்த நேரத்தில்தான் நிர்வாகத்திலிருந்து கேட்டார்கள். ஹனூர் பக்கம் புதிதாகத் தொடங்கும் கல்லூரிக்கு முதல்வராகப் போகிறாயா என்று. அந்த இடத்துக்கு எல்லோரும் மனதில் வைத்திருந்தது உன்னைத்தான். எனக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

“சாயங்காலத்துக்கு மேல அந்தப் பக்கம் பஸ்ஸும் கெடையாது. இந்த டப்பாவ நம்பியா அத்தன தூரம் போவ?” என்றார் கணவர். “வேண்டாம்னு சொல்லிப்போடு. இதயும் எடைக்குப் போட்டுறலாம்.” பழைய இரும்பு எடுப்பவரிடம் பேசியும் விட்டார். திங்கட்கிழமை வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

நான் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் ஒழுகல் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. உன் நாற்காலியில் உட்காரப் பயம் என்று சொல்வதைவிட, வண்டி சரியில்லை என்று சொல்வது எளிது.

போன வாரம் ஒரு காலை குக்கரில் பருப்பு வைத்திருந்தேன். விசில் வரவில்லை. மூடியின் ஓரமெல்லாம் நுரைத்துக்கொண்டு வந்தது. கேஸ்கட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அது புதிதாகப் போட்ட கேஸ்கட். அடுப்பை அணைத்து, ஆறியதும் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஆவி போகும் துளை இருட்டாக இருந்தது. பருப்புத் தோல் அடைத்திருந்தது. குண்டூசியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வண்டியும் அப்படித்தான், பக்கத்துக் கடைக்குப் போய் வந்தால் ஒழுகாது. கொள்ளேகால் வரை ஓடிச் சூடானால்தான் ஒழுகும்.

கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, வண்டியை ரிங் ரோட்டில் நன்றாகச் சூடேற ஓட்டி, சிவண்ணாவிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“கியர்பாக்ஸுக்கு ஆவி போற வழி ஏதாவது இருக்கா சிவண்ணா?”

“இருக்கு மேடம். மேல சின்னத் தொப்பி ஒண்ணு. அது வழியாத்தான் மூச்சு விடும்.”

“அத எப்பவாவது சுத்தம் பண்ணினீங்களா?”

அவர் தலையைச் சொறிந்தார். “அதுல சாமி நாமம் இருக்கே மேடம். நான் எப்படிக் கை வைக்கறது? சுத்தியெல்லாம் தொடச்சேன். அத மட்டும் விட்டுட்டேன்.”

பேட்டரியைக் கழற்றி வைத்தார். குனிந்து பார்த்தோம். உன் நாமம் சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருந்தது. கடைசி வருஷம் கெட்டியாக விழுந்த பாதம் தொப்பியின் விளிம்பைத் தாண்டி வழிந்து, அடியில் காற்றுப் போகும் இடைவெளியைச் சுற்றிலும் அடைத்திருந்தது. வெளியே போக வழியில்லாத காற்று உள்ளேயே சூடாகி, எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது.

“நீங்களே எடுத்துடுங்க மேடம். நான் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுச் சிவண்ணா நழுவினார்.

கொண்டை ஊசியை எடுத்தேன். சுரண்டச் சுரண்ட வெள்ளை, சிவப்பு, மறுபடி வெள்ளை, மறுபடி சிவப்பு. ஒவ்வொரு அடுக்கும் நாம் ஒன்றாக இருந்த ஒரு வருஷம். மேல் அடுக்கில் உன் விரல் நடுங்கிய தடம் இருந்தது. அதில் ஊசியை வைக்க என்னால் முடியவில்லை. கொஞ்ச நேரம் பானெட்டுக்குள் தலையை நீட்டியபடியே நின்றேன். தெருவில் போகிறவர்கள் எஞ்சினைப் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பிறகு, நீ இருந்திருந்தால் முதலில் சுரண்டுகிறவள் நீதான் என்று தோன்றியது. வண்டி நின்றால் உனக்குப் பொறுக்காது. ஊசியை வைத்தேன்.

கடைசித் துண்டு பெயர்ந்ததும் தொப்பிக்கு அடியிலிருந்து ‘புஸ்’ என்று ஒரு மூச்சு வந்தது. வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்த மூச்சு. நான் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். நீ மட்டும் வடகலையாகப் பிறந்திருந்தால் பாதம் இருந்திருக்காது, கியர்பாக்ஸும் தப்பித்திருக்கும்.

சிவண்ணா புது சீல் போட்டு எண்ணெய் நிரப்பினார். இப்போது வருகிறவர்களிடமெல்லாம், “நானும் மேடமும் சேர்ந்து கண்டுபிடிச்சோம்” என்று சொல்கிறாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நேற்று சாமுண்டி மலை ஏறி இறங்கி, அங்கிருந்து கொள்ளேகால் தாண்டி ஹனூர் வரை போய்த் திரும்பினேன். வழியெல்லாம் வெயில். முன்பெல்லாம் போகும்போது நீ ஓட்டுவாய், வரும்போது நான். நேற்று இரண்டையும் நானே ஓட்டினேன். பக்கத்து சீட்டில் கைப்பையை வைக்கவும் மனம் வரவில்லை, காலியாக விடவும் மனம் வரவில்லை. கடைசியில் பையை வைத்தேன்.

காலையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்துக் கணவர் காபியோடு இறங்கி வந்தார். குத்துக்காலிட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். “எனக்கு முன்னாடி வந்து தொடச்சிட்டியா?” என்றார். சீலுக்குக் கீழே விரலை விட்டுத் தேய்த்து, விரலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து இரும்புக்காரரைக் கூப்பிட்டு, “நாளைக்கு வர வேண்டாங்க” என்றார். அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

எனக்கு விஷயம் அதோடு முடியவில்லை. உன்னிடமிருந்து என்னோடு தங்கிப் போனது உன் வண்டிப் பாதியும், யார் என்ன சொன்னாலும் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்துவிடுகிற உன் பிடிவாதமும். இரண்டும் இப்போது நன்றாக ஓடுகின்றன. சொல்லிக்கொள்ள எனக்கு வேறு காரணம் மிச்சமில்லை. நாளைக் காலை நிர்வாகத்துக்குப் போன் செய்து, ஹனூருக்கு வருகிறேன் என்று சொல்லப்போகிறேன். வீட்டில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.