பானையைச் சுற்றி உட்காராதவர்கள்

சொரோட்டி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அபோலோட்டுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். எழுதினால் படிப்பாய் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு இருமல் நின்றதா?

மாதக் கடைசியில் எங்கள் பெரியப்பாக்கள் என் தம்பி எக்வாருவையும் கூட்டிக்கொண்டு உன்னை அழைத்து வர உன் அப்பா வீட்டுக்கு வருகிறார்கள். அவர் ஆடு கேட்டிருக்கிறார், அது சரி. புதுக் கேழ்வரகில் புளிக்க வைத்த ஒரு பெரிய பானை அஜோன் கள்ளும் கேட்டிருக்கிறார். மாமனாரும் மருமகனும் ஒரே பானையில் குழல் போட்டு உறிஞ்சினால்தான் மனத்தாங்கல் தீர்ந்ததாக அர்த்தம். இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் தம்பி குடியை விடப் பார்க்கிறான் என்பதுதான் உனக்குத் தெரியாது.

அவன் குடி தாங்காமல் நீ அப்பா வீட்டுக்குப் போன பிறகு அவன் இரத்த வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். போதகர் வந்து, "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க, கை வச்சு ஜெபம் பண்ணுனா குடிப் பேய் ஓடிப் போயிடும்" என்றார். குடியிலேயே போன எங்கள் ஒலுகா அண்ணனுக்கும் இதே கையைத்தான் வைத்தார்கள். அண்ணனைப் புதைத்த இடத்தில் இப்போது புல் வளர்ந்திருக்கிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வகுப்பெடுக்கிறேன், விடைத்தாள் திருத்துகிறேன், சாப்பிடுகிறேன்.

குடியை விடுகிறவர்கள் கூடும் கூட்டம் ஒன்று உண்டு என்று பத்திரிகையில் எண் போட்டிருந்தார்கள். கூப்பிட்டால் ஒருவர், "சிமென்ட் எத்தனை மூட்டை வேணும்?" என்றார். கடைசியில் நர்ஸ் ஒருத்திதான் வழி சொன்னாள். புதன்கிழமை சாயங்காலம், சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஆரம்பப் பள்ளி, இரண்டாம் வகுப்பு அறை.

கூட்டிப் போனேன். வாசலிலேயே எக்வாரு, "அக்கா, இது பைத்தியக்காரங்க கூட்டமா?" என்று கேட்டான். எமோரு என்று போலீஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர்தான் அங்கே எல்லாம். பிள்ளைகளின் குட்டி பெஞ்சைக் காட்டி, "உக்காருப்பா. ஒடிஞ்சா நீதான் ஆசாரிய கூட்டிட்டு வரணும்" என்று சிரித்தார். எல்லோரும் பஸ்ஸில் போகிறவர்கள் போல ஒருவர் பின் ஒருவராக, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேசுகிறவன் முகம் பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது. இது என்ன ஏற்பாடு, வட்டமாக உட்காரக் கூடாதா என்று கேட்டேன். "வட்டமா உக்காந்தா நடுவுல பானை எங்கேன்னு கை தேடும், டீச்சர்" என்றார் எமோரு. அறை முழுக்கச் சிரித்தது. எக்வாருவும் சிரித்தான். அவன் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

அதன் பிறகு ஒரு புதனும் தவறவில்லை. இதுவரை அவன் அங்கே பேசவில்லை, தேநீர்க் கோப்பைகளைக் கழுவுகிறான். திரும்பும் வழியில் மாமரத்தடியில் அவனுடைய பழைய கூட்டாளிகள், "டேய் எக்வாரு, உன் குழல் காஞ்சு கிடக்குடா! அக்கா முந்தானைய விட்டுட்டு வா!" என்று கத்துகிறார்கள். அவன் எனக்கு மறுபக்கமாக வந்து நடக்கிறான். நான் கவனிக்காதது போல இருந்துவிடுகிறேன்.

பானை விஷயம் தெரிந்ததும் எமோரு என்னைத் தனியாக அழைத்தார். "ரோட்டுல இருக்கிற பானையெல்லாம் தாண்டிடுவான். மாமனார் பானையத் தாண்ட முடியாது. விட்ட குடியில நான் திரும்ப விழுந்தது அங்கதான்" என்றார். அன்றைக்கு எக்வாருவும் கேட்டான்: "மரியாதைக்கு ஒரே ஒரு இழுப்புக்கா. அதுல என்ன ஆயிடும்?" கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தான். முகத்தைப் பார்த்தால் நான் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று தவிக்கிறானா, சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறானா என்று தெரியவில்லை.

அவன் திருந்திவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. இதையெல்லாம் அவ்வளவு எளிதில் நம்புகிறவள் இல்லை நான் என்பது உனக்குத் தெரியும்.

உன் அப்பாவிடம் பேசு. எங்கள் பெரியப்பா அவன் இடத்தில் குழல் போடட்டும், இல்லையென்றால் பானையில் கஞ்சி ஊற்றட்டும். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அபோலோட், நீ வராதே. வர முடியாது என்று பெரியப்பாக்கள் முன்னாலேயே சொல்லிவிடு. பிடிவாதக்காரி என்று உன்னைத்தான் ஏசுவார்கள், பொறுத்துக்கொள். இப்படி எழுதினேன் என்று எக்வாருவுக்குத் தெரியாது. நீ வரவில்லையென்றால் உடைந்து போவான். உடைந்தாலும் உயிரோடு இருப்பான். புதன்கிழமை நான் கூட்டிப் போய்க்கொள்கிறேன்.

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருங்கள். கடவுள் உன் வாய்க்குத் துணிவைத் தரட்டும்.

உன் நாத்தனார்,
அமோங்கின்